பழைய வீடியோ கேம் கன்சோல் ஒலிகளை இன்றைய மென்பொருளில் உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்டியூன் (பழைய கேம் கருவிகளின் ஒலிச் சிப்களால் ஆன) இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் எழுதுவதை விட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பெரும்பாலான பதில்கள் நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலை வைத்தே இருக்கும். ஜப்பானில் அதன் பெயர் ஃபாமிகாம். சேனல்கள் குறைவு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று காதாலேயே பிரித்துக் கேட்கலாம். அது பிடிபட்டுவிட்டால் மற்ற கன்சோல்களுக்குப் போவது சுலபம்.

இந்தச் சத்தமெல்லாம் எங்கேயாவது ரெக்கார்ட் செய்து கேமுக்குள் வைத்ததா?

பெரும்பாலும் இல்லை. 1983-ல் வந்த ஃபாமிகாமின் கார்ட்ரிட்ஜில் முழுப் பாட்டைப் பதிவு செய்து வைக்க இடமே கிடையாது. அதில் இருந்தவை கட்டளைகள் மட்டும்தான்: இந்த நேரத்தில், இந்தச் சேனலில், இந்தச் சுரம், இவ்வளவு சத்தமாக. ஒலியை அந்தந்தக் கணத்தில் உண்டாக்கியது கன்சோலுக்குள் இருந்த சிப்.

என்இஎஸ்ஸில் அந்த வேலையைச் செய்தது ரிக்கோ 2ஏ03. செயலியும் ஒலிப் பகுதியும் ஒரே சிப்பில். மொத்தம் ஐந்து சேனல்கள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை, ஸ்கொயர் இதில் ஒரு வகை), ஒரு டிரையாங்கிள் (முக்கோண அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), கடைசியாக டிபிசிஎம் என்ற சாம்பிள் (பதிவு செய்த சிறு ஒலித் துணுக்கு) சேனல். பாட்டும் சரி, குதிக்கிற சத்தமும் வெடிக்கிற சத்தமும் சரி, எல்லாம் இந்த ஐந்துக்குள்தான்.

8-பிட் மியூசிக் என்றால் 8-பிட் தரத்தில் இருக்கிற ஆடியோதானே? என் பாட்டில் பிட்கிரஷர் போட்டால் வந்துவிடாதா?

வராது. அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பிட்கிரஷர் என்பது ஒலியின் பிட் அளவைக் குறைத்துக் கரகரப்பாக்கும் எஃபெக்ட். இங்கே 8-பிட் என்பது செயலி ஒரே சமயத்தில் கையாளும் தரவின் அளவு. ஒலியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்இஎஸ் பல்ஸ் சேனலின் வால்யூம் 4 பிட், அதாவது பூஜ்யத்தையும் சேர்த்து 16 படிகள். சாம்பிள் சேனலின் வெளியீட்டு நிலை 7 பிட்.

பியானோ பதிவில் பிட்கிரஷர் போட்டால் கரகரக்கும் பியானோ கிடைக்கும், அவ்வளவுதான். அந்தக் கன்சோலில் பியானோவே கிடையாது. இருந்தவை மிக எளிய அலைவடிவங்கள், அவற்றை நொடிக்கு 60 தடவை மாற்றிக்கொண்டே இருந்த ஒரு நிரல். பிட்கிரஷருக்கும் இரண்டு இடத்தில் உண்மையான வேலை உண்டு. டிரையாங்கிள், டிரம்ஸ் பற்றிய பதில்களில் சொல்கிறேன்.

காசு செலவழிக்காமல் எதில் ஆரம்பிக்கலாம்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சிப்பையே அப்படியே போலச் செய்கிற மென்பொருள். ஃபாமிஸ்டுடியோ, ஃபர்னஸ், ஃபாமிடிராக்கர் ஆகிய மூன்றும் இலவசம். ஃபாமிஸ்டுடியோவும் ஃபாமிடிராக்கரும் என்இஎஸ்ஸுக்கானவை. ஃபர்னஸில் என்இஎஸ், நின்டெண்டோவின் கேம் பாய், சேகாவின் மெகா டிரைவ் என்று ஏராளமான சிப்கள் உண்டு.

மற்றொன்று, நீங்கள் ஏற்கெனவே பாட்டு செய்கிற மென்பொருளில் ப்ளக்-இன் (அதற்குள் சேர்க்கும் துணைக் கருவி) போடுவது. ஒய்எம்சிகே குழு வெளியிட்ட மேஜிக்கல் 8பிட் ப்ளக் இலவசம், நல்ல தொடக்கம். எல்எம்எம்எஸ் என்ற இசை மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரீபாய், நெஸ்கலைன் என்ற கருவிகள் உள்ளேயே இருக்கின்றன.

என் கருத்து: கடைசியில் எதில் வேலை செய்தாலும், முதல் இரண்டு மூன்று பாட்டுகளை சிப்பைப் போலச் செய்கிற மென்பொருளிலேயே செய்யுங்கள். அது அனுமதிக்காததை உங்களால் செய்ய முடியாது. எது முடியும், எது முடியாது என்பது கைக்குப் பழகிவிடும். ப்ளக்-இன் எல்லாவற்றையும் அனுமதிக்கும், அதனால் எதையும் கற்றுத் தராது.

டிராக்கர் திரையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. பியானோ ரோல் மட்டும் போதாதா?

போதும். ஃபாமிஸ்டுடியோவே பியானோ ரோல் வைத்துச் செய்ததுதான். டிராக்கர் என்பது நேரம் மேலிருந்து கீழாக ஓடுகிற ஓர் அட்டவணை. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சேனல், ஒவ்வொரு வரிசையும் நேரத்தில் ஒரு படி. நான்கு நாள் பழகினால் பயம் போய்விடும். ஆனால் பழகியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஸ்கொயர் வேவ் போட்டேன். ஆனால் கேம் இசை மாதிரி இல்லை, காலிங் பெல் மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

தப்பு அலைவடிவத்தில் இல்லை. அந்தச் சுரம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அசையாமல் நிற்கிறது, அதுதான் குறை. அந்தக் கால நிரல்கள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், சிப்புக்குப் புதிய மதிப்புகளை எழுதின. அமெரிக்க, ஜப்பானிய கன்சோல்களில் நொடிக்கு ஏறக்குறைய 60 தடவை, ஐரோப்பியக் கன்சோல்களில் 50 தடவை. வால்யூம், சுருதி, அலையின் வடிவம் மூன்றும் அந்த வேகத்தில், படிப்படியாக மாறின. நம் காது "பழைய கேம்" என்று அடையாளம் காண்பது இந்தப் படிகளைத்தான்.

செய்து பாருங்கள். ஒரு சுரத்தின் வால்யூமை ஃப்ரேம் வாரியாக 15, 13, 11, 9, 8, 7, 6, 5, 5, 4, 4, 3 என்று எழுதி, 3-லேயே நிறுத்துங்கள். சட்டென்று ஒரு கருவியை மீட்டிய உணர்வு வரும். அடுத்து, சுரம் தொடங்கி 20 ஃப்ரேம் கழித்து மெல்லிய வைப்ராட்டோ வரட்டும். பாடுகிறவர் நீண்ட சுரத்தின் பின்பாதியில் குரலை அசைப்பது போல. அப்புறம், முதல் ஒன்றிரண்டு ஃப்ரேமுக்கு மட்டும் அலையின் வடிவத்தை மாற்றிவிடுங்கள். சுரம் எழும் இடத்தில் சிறிய "டிக்" ஒன்று கிடைக்கும். அடிப்படை அலைவடிவம் அதே ஸ்கொயர்தான், ஆனால் காலிங் பெல் காணாமல் போயிருக்கும்.

வழக்கமான சிந்தசைசரில் இதைச் செய்வதாக இருந்தால் அதன் வழவழப்பான என்வலப்பை (சுரத்தின் வால்யூம் ஏறி இறங்கும் வடிவத்தை) நம்பாதீர்கள். படிகளாக நகரும் ஸ்டெப் சீக்வென்சர் அல்லது ஸ்டெப் எல்எஃப்ஓ (மெதுவாக அசையும் கட்டுப்பாட்டு அலை) இருந்தால் அதை வால்யூமுக்கு இணைத்து, ஒரு படி 16.7 மில்லிவினாடி என்று வையுங்கள்.

டூட்டி சைக்கிள் என்று எண்கள் வருகிறதே, எதை எப்போது போடுவது?

பல்ஸ் அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்பதுதான் டூட்டி சைக்கிள். என்இஎஸ்ஸிலும் கேம் பாயிலும் நான்கே தேர்வுகள்: 12.5, 25, 50, 75 சதவீதம். இதில் 75 என்பது 25-இன் தலைகீழ். தனியாகக் கேட்டால் இரண்டும் ஒன்றே. ஆகவே மூன்று குரல்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

50 சதவீதத்தில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (அடிச் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல 3, 5, 7 மடங்கில் கூடவே ஒலிப்பவை) மட்டும் இருக்கும். குழலைப் போல உருண்டையான, உள்ளீடற்ற ஒலி. 25-இல் ஒவ்வொரு நான்காவது ஹார்மோனிக்கும் காணாமல் போகும். அது பளிச்சென்று முன்னால் நிற்கும், பிரதான மெட்டுக்கு நான் பெரும்பாலும் இதையே எடுப்பேன். 12.5 மெலிந்து மூக்கால் பாடுவது போல இருக்கும். துணை வரிகளுக்கும், வேகமான ஆர்பெஜியோவுக்கும் (கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை, ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) நல்லது. இரண்டு பல்ஸும் ஒரே ஸ்தாயியில் மோதினால் ஒன்றை 50-லும் மற்றதை 12.5-லும் வைத்துப் பாருங்கள், பிரிந்து கேட்கும்.

ஐந்து சேனலில் கார்ட் எப்படி வாசிப்பது? அதற்கே மூன்று சேனல் போய்விடுமே?

ஒரே சேனலில் மூன்று சுரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஃப்ரேமுக்கு ஒன்று என்ற வேகத்தில் சுழற்றுங்கள். காது அதைக் கொஞ்சம் நடுங்குகிற ஒற்றைக் கார்டாகச் சேர்த்துக்கொள்ளும். டிராக்கர்களில் ஆர்பெஜியோ என்ற பெயரில் இது தயாராகவே இருக்கும். மேஜர் கார்டுக்கு 0, 4, 7 (அடிச் சுரத்திலிருந்து எத்தனை அரைச்சுரம் மேலே என்பது) என்று எழுதினால் போதும். சுரம் ஒன்றுக்கு இரண்டு ஃப்ரேம் கொடுத்தால் சுழற்சி தெளிவாகக் கேட்கும், மென்மையான பாட்டுகளுக்கு அது பொருந்தும்.

சாதாரண மென்பொருளில் ஆர்பெஜியேட்டரை 1/16-இல் வைப்பதால்தான் அது நடன இசை போலத் திரும்பி வருகிறது. பாட்டின் வேகம் 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 தாளம்) என்றால் 1/64 டிரிப்ளெட் மிகச் சரியாக ஒரு ஃப்ரேம், 16.67 மில்லிவினாடி. வேறு வேகம் என்றால் டெம்போவோடு இணைக்காமல் 60 ஹெர்ட்ஸ் என்று நேரடியாகக் கொடுங்கள்.

என் பாட்டு 140 பிபிஎம். டிராக்கரில் அந்த வேகம் சரியாக உட்காரவில்லையே?

காரணம் அதே ஃப்ரேம்தான். ஒரு வரிசைக்கு 6 ஃப்ரேம், ஒரு தாளத்துக்கு 4 வரிசை என்றால் தாளம் ஒன்றுக்கு 24 ஃப்ரேம். நிமிடத்துக்கு 3600 ஃப்ரேம் இருப்பதால் 150 பிபிஎம். வரிசைக்கு 7 ஃப்ரேம் வைத்தால் ஏறக்குறைய 128.6, 5 வைத்தால் 180. நடுவில் எதுவும் இல்லை. 6, 7 என்று மாற்றி மாற்றி வைத்தால் 138.5 வரும், கூடவே லேசான ஸ்விங் ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்த நொண்டல் பிடிக்கும்.

50 ஹெர்ட்ஸ் கன்சோலில் அதே 6 ஃப்ரேம் 125 பிபிஎம் ஆகிவிடும். 60-க்காக எழுதிய பாட்டை மாற்றாமல் அங்கே ஓடவிட்டால் மந்தமாகக் கேட்பது இதனால்தான்.

பாஸுக்கு டிரையாங்கிள் போட்டால் சத்தமே வரவில்லை, ரொம்ப மென்மையாக இருக்கிறது.

சிந்தசைசரில் இருக்கும் டிரையாங்கிள் நேர்கோடுகளால் ஆனது. என்இஎஸ்ஸின் டிரையாங்கிள் ஒரு படிக்கட்டு: 15-இலிருந்து 0 வரை இறங்கி, 0-இலிருந்து 15 வரை ஏறுகிறது, மொத்தம் 32 படிகள். அந்தப் படிகளின் முனைகள்தான் பாஸுக்கு மேலே ஒரு மெல்லிய ரீங்காரத்தைத் தருகின்றன. சிறிய ஸ்பீக்கரிலும் அந்தப் பாஸ் கேட்பதற்கு அதுவே காரணம். வேவ்டேபிள் சிந்த் (அலையை நாமே வரையும் கருவி) இருந்தால் இந்த 32 புள்ளிகளை வரைந்து, இன்டர்பொலேஷனை (புள்ளிகளுக்கு நடுவே வழவழப்பாக நிரப்புவதை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால், முழு வால்யூமில் இருக்கும் சாதாரண டிரையாங்கிளுக்கு 4-பிட் பிட்கிரஷர் போடுங்கள். முன்பு சொன்ன இரண்டு இடங்களில் இது முதலாவது.

இன்னொன்று: இந்தச் சேனலுக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. அதனால் பாஸ் சுரங்கள் மெல்லத் தேயாமல் சட்டென்று வெட்டுப்படும். மிக்ஸிங்கிலும் டிரையாங்கிளை அசைக்க முடியாத தூணாக வைத்து, மற்ற சேனல்களை அதற்கேற்ப ஏற்றி இறக்க வேண்டும்.

டிரம்ஸ் வைக்க நாய்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. "டம்" என்ற கிக் எப்படி வரும்?

டிரையாங்கிளைக் கடன் வாங்குங்கள். நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தைத் தொடங்கி மூன்று நான்கு ஃப்ரேமுக்குள் அடிமட்டத்துக்கு வழுக்கிவிடுங்கள், அதே இடத்தில் நாய்ஸை ஒரு ஃப்ரேம் தட்டுங்கள். உடனே டிரையாங்கிள் தன் பாஸ் சுரத்துக்குத் திரும்பட்டும். நடுவில் பாஸ் காணாமல் போனதைக் காது கவனிக்காது. ஸ்னேருக்கு நடுத்தர நாய்ஸ், எட்டுப் பத்து ஃப்ரேமில் தேயட்டும். ஹை-ஹாட்டுக்கு உச்ச நாய்ஸ், இரண்டே ஃப்ரேம்.

நாய்ஸ் சேனலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது 15-பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் சுற்று) ஒன்றிலிருந்து வருகிற போலித் தற்செயல் வரிசை, 16 வேகங்களில் ஓடும். நீண்ட முறையில் 32,767 படிகளுக்கு ஒருமுறைதான் வரிசை திரும்ப வரும், அதனால் இரைச்சலாகக் கேட்கும். குறுகிய முறையில் 93 படிகளிலேயே திரும்பிவிடும், அதனால் உலோகம் அதிர்வது போல ஒரு சுருதியோடு கேட்கும். ப்ளக்-இன்னில் இது இல்லையென்றால், வெள்ளை இரைச்சலுக்கு சாம்பிள் ரேட்டைக் குறைக்கும் எஃபெக்ட் போட்டு அந்த ரேட்டையே நாய்ஸின் "சுருதி" போலப் பயன்படுத்துங்கள். ஃபில்டரால் இருட்டாக்கிய இரைச்சல் இதைப் போல இருக்காது.

டிபிசிஎம் சேனலில் உண்மையான டிரம் பதிவுகளையும் வைக்கலாம். ஒவ்வொரு சாம்பிளும் ஒரே பிட்: முந்தைய நிலையிலிருந்து ஒரு படி மேலே அல்லது கீழே. அதிகபட்ச வேகம் சுமார் 33 கிலோஹெர்ட்ஸ். பிட்கிரஷரின் இரண்டாவது இடம் இதுதான். டிரம் பதிவை மட்டும் கடினமாக நசுக்குங்கள், வேறெதையும் வேண்டாம்.

ரிவெர்ப் இல்லாத அந்தக் காலத்தில் பாட்டு அவ்வளவு விசாலமாகக் கேட்டது எப்படி?

எக்கோவைச் சுரங்களாகவே எழுதினார்கள். முதல் பல்ஸில் இருக்கும் மெட்டை அப்படியே இரண்டாவது பல்ஸில் நகலெடுத்து, மூன்று வரிசை தள்ளி, வால்யூமை மூன்றில் ஒரு பங்காக வையுங்கள். 150 பிபிஎம்மில் மூன்று வரிசை என்பது 300 மில்லிவினாடி. அந்த நகலின் சுருதியை ஓர் இழை மட்டும் விலக்கினால் இன்னும் அகலும்.

இரண்டாவது சேனலைச் செலவழிக்க முடியாவிட்டால் ஒரே சேனலில் செய்யலாம். ஒரு சுரம் முடிந்து அடுத்தது வரும் முன் இருக்கும் இடைவெளியில், அதற்கும் முந்தைய சுரத்தைத் தணிந்த குரலில் நுழையுங்கள். இதைச் செய்து கேட்கும்போது இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒரே ஒரு கோடு, தன் நிழலையும் தானே வரைந்துகொண்டு போகிறது.

கேம் பாயும் இதேதானே? தனியாகக் கற்க வேண்டுமா?

முக்கால்வாசி இதேதான். 1989-ல் வந்த கேம் பாயில் நான்கு சேனல்கள்: இரண்டு பல்ஸ், ஒரு நாய்ஸ், டிரையாங்கிளுக்குப் பதிலாக நாமே வரையக்கூடிய அலை ஒன்று. அந்த அலை 32 புள்ளிகள், ஒவ்வொன்றும் 4 பிட். அதன் வால்யூம் முழுசு, பாதி, கால், அமைதி என்று நான்கே நிலை. பல்ஸ் சேனல்கள் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, அலைச் சேனல் 32 வரை போகும், ஆகவே பாஸ் பெரும்பாலும் அங்கேதான். ஹெட்ஃபோனில் ஸ்டீரியோ உண்டு, ஆனால் இடம், வலம், இரண்டும் என்ற மூன்று நிலைகள் மட்டும். பேன் குமிழை 30 சதவீதத்தில் வைத்தீர்களானால் அது கேம் பாய் இல்லை.

மெகா டிரைவ் சத்தத்துக்கு டிஎக்ஸ்7 ப்ளக்-இன் போதுமா?

கிட்டத்தட்ட வரும், ஆனால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டும் யமஹாவின் எஃப்எம் முறைதான்: ஓர் அலையை இன்னோர் அலை வேகமாக அசைத்து ஒலியை மாற்றும். டிஎக்ஸ்7 சிந்தசைசரில் ஆறு ஆபரேட்டர் (அலை உருவாக்கி), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் வகை). 1988-ல் வந்த மெகா டிரைவின் ஒய்எம்2612 சிப்பில் நான்கு ஆபரேட்டர், எட்டு அல்காரிதம், ஃபீட்பேக் (தன் ஒலியைத் தனக்கே திருப்பி ஊட்டுவது) முதல் ஆபரேட்டருக்கு மட்டும். அதையே போலச் செய்யும் கருவிகள் இருக்கும்போது சுற்றி வளைக்க வேண்டாம். ஃபர்னஸில் இலவசமாகவே உண்டு, ப்ளக்-இன்னாக வேண்டுமென்றால் ஆர்ஒய்எம்2612 இருக்கிறது.

இங்கே டூட்டி சைக்கிளின் இடத்தை மாடுலேட்டரின் (மற்றொன்றை அசைக்கும் ஆபரேட்டரின்) என்வலப் எடுத்துக்கொள்கிறது. மாடுலேட்டர் எவ்வளவு சத்தமோ அவ்வளவு ஒலி பளபளக்கும். அது சட்டென்று தேய்ந்தால் தந்தியைச் சுண்டியது போன்ற பாஸ், மெல்ல ஏறினால் பித்தளைக் குழல். முதல் ஆபரேட்டரின் ஃபீட்பேக்கை ஏற்றினால் கரடுமுரடான கிட்டார் தொனி. அப்புறம், மொத்தம் ஆறு எஃப்எம் சேனல்கள், ஆறாவதை டிரம் சாம்பிளுக்குக் கொடுத்துவிடலாம். பக்கத்தில் மூன்று ஸ்கொயரும் ஒரு நாய்ஸும் கொண்ட சின்னச் சிப் ஒன்றும் உண்டு. அதைச் சேர்க்க மறந்துவிட்டு "ஏதோ குறைகிறதே" என்பவர்கள் நிறையப் பேர்.

சூப்பர் நின்டெண்டோவில் நிஜ வயலின், நிஜ டிரம்ஸ் எல்லாம் கேட்கிறதே. நல்ல சாம்பிள் லைப்ரரி போட்டால் வந்துவிடுமா?

நல்ல லைப்ரரி போட்டால் நல்ல ஆர்க்கெஸ்ட்ராதான் வரும். 1990-ல் வந்த அந்தக் கன்சோலின் ஒலிப் பகுதியைச் சோனி செய்தது, வடிவமைத்தவர் பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குடராகி. எட்டுக் குரல்கள், எல்லாமே சாம்பிள். ஆனால் மொத்த நினைவகம் 64 கிலோபைட். நிரல், சாம்பிள்கள், எக்கோ எல்லாம் அதற்குள் குடியிருக்க வேண்டும். 16 சாம்பிள்களை 9 பைட்டாகச் சுருக்கியும், 32 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒரு நொடிக்கு 18,000 பைட் ஆகிறது. முழு நினைவகத்தையும் கொடுத்தாலும் மூன்றரை நொடியில் தீர்ந்துவிடும்.

அதனால் வயலினின் தொடக்கத்தை மட்டும் கொஞ்சம் வைத்து, பிறகு ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். பதிவையே தாழ்ந்த சாம்பிள் ரேட்டில் வைத்தார்கள். சிப் அதைச் சுருதி மாற்றி வாசிக்கும்போது செய்த இன்டர்பொலேஷன் உயர் அதிர்வெண் ஒலிகளை இன்னும் மங்க வைத்தது. இந்த வரிசையை நீங்களும் செய்யுங்கள்: கருவிக்கு ஒரே ஒரு சாம்பிள், 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, மிகச் சிறிய லூப், எட்டுக் குரலுக்கு மேல் வேண்டாம். இலவசமாக இதற்கென்றே சி700 என்ற ப்ளக்-இன் உண்டு.

எக்கோவை மறக்காதீர்கள். இந்த ஒலியின் ஆன்மா பாதி அதில்தான். 16 மில்லிவினாடிப் படிகளில் அதிகபட்சம் 240 வரை, ஒவ்வொரு படிக்கும் 2 கிலோபைட் நினைவகம் விலை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃபில்டரைக் கடப்பதால் எதிரொலி போகப்போக இருளும். சாதாரண டிலேயை 100-லிருந்து 200 மில்லிவினாடிக்குள் வைத்து, ஃபீட்பேக் பாதையில் லோ-பாஸ் ஃபில்டர் (உச்ச ஒலிகளைக் குறைப்பது) போட்டால் நெருங்கிவிடலாம்.

உச்ச சுரங்கள் சுருதி விலகிக் கேட்கின்றன. மென்பொருளில் பிழையா?

இல்லை, சிப் அப்படித்தான். அது அதிர்வெண்ணை நேரடியாக வாங்காது, அலையின் கால அளவைக் குறிக்கும் முழு எண்ணை வாங்கும். நடு ஸ்தாயியில் எண்கள் பெரியவை, பக்கத்து எண்ணுக்குத் தாவினால் வித்தியாசம் தெரியாது. 440 ஹெர்ட்ஸ் கேட்டால் என்இஎஸ் 440.4 தரும். 3520 ஹெர்ட்ஸ் கேட்டால் கிடைப்பது 3496 அல்லது 3608. அருகில் இருப்பதே 12 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கம்.

ஆகவே பிரதான மெட்டை அவ்வளவு உயரத்தில் வைக்காதீர்கள். ப்ளக்-இன்னில் வேலை செய்கிறவர்கள் உச்ச சுரங்களைக் கையால் பத்துப் பன்னிரண்டு சென்ட் விலக்கினால் நம்பகத்தன்மை கூடும்.

என் ப்ளக்-இன்னில் மேல் சுரங்கள் வாசித்தால் அடியில் ஏதோ கீச்சிடுகிறது. இதுவும் பழைய ஒலியின் ஒரு பகுதியா?

இது வேறு விஷயம். முந்தைய பதிலில் சொன்னது சுருதி விலகல், இது அலியாசிங். ஸ்கொயர் அலையின் ஹார்மோனிக்குகள் முடிவில்லாமல் மேலே போகும். 44.1 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் மென்பொருள் அதைக் கவனமில்லாமல் உருவாக்கினால், எல்லைக்கு மேலே போனவை மடிந்து கீழே விழுந்து பொருந்தாத சுரங்களாகக் கேட்கும். என்இஎஸ் சிப் நொடிக்குப் பதினேழு லட்சத்துக்கும் அதிகமான தடவை துடிக்கிறது, அதில் இந்தக் கீச்சல் காதுக்கு எட்டாது. ஓவர்சாம்பிளிங் தேர்வு இருந்தால் இயக்குங்கள், இல்லையென்றால் கருவியை மாற்றுங்கள்.

எல்லா விதிகளையும் அப்படியே பின்பற்ற வேண்டுமா? ஆறாவது சேனல் ஒன்று சேர்த்தால் குற்றமா?

குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நிஜக் கன்சோலில் ஓட வேண்டிய பாட்டு என்றால் வேறு வழியில்லை. இன்றைய கேம் ஒன்றுக்குப் பழைய சாயல் வேண்டும் என்றால், நான் காப்பாற்றுவது இரண்டு விதிகளை: படிகளாக மாறும் என்வலப், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே சுரம். இந்த இரண்டும் இருந்தால் பத்துச் சேனல் வைத்தாலும் சாயல் போகாது. இவை இல்லையென்றால் நான்கே சேனல் வைத்தாலும் வராது.

கேமுக்குச் செய்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தில் எஃபெக்ட் சத்தம் வரும்போது பாட்டிடமிருந்து ஒரு சேனலைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் மெட்டை ஒரு பல்ஸிலும், இழந்தாலும் பரவாயில்லை என்ற வரியை மற்றதிலும் வைத்தார்கள். அந்த முன்னுரிமை இன்றைக்கும் பாட்டைத் தெளிவாக்கும்.

எமுலேட்டரில் ஒரு மாதிரியும் நிஜக் கருவியில் இன்னொரு மாதிரியும் கேட்கிறது. எது சரி?

இரண்டுமே சரி. என்இஎஸ்ஸில் சிப்புக்குப் பிறகு ஃபில்டர்கள் உண்டு: சுமார் 90, 440 ஹெர்ட்ஸில் இரண்டு ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பவை), 14 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோ-பாஸ், எல்லாம் மென்மையான சரிவு. ஃபாமிகாமில் ஹை-பாஸ் 37 ஹெர்ட்ஸில்தான், அதனால் அங்கே பாஸ் கனமாக இருக்கும். சில எமுலேட்டர்கள் (கன்சோலைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள்) இவற்றைச் சேர்க்கும், சில சேர்க்காது. உங்கள் ப்ளக்-இன் ரொம்பவும் "சுத்தமாக" இருப்பதாகத் தோன்றினால் கடைசியில் இதே எண்களில் 6 டெசிபல் சரிவு ஃபில்டர்களை மொத்த ஒலிக்கும் போட்டுப் பாருங்கள்.

சில ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்கள் தமக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சிப் வைத்திருந்தன. உதாரணமாக விஆர்சி6 இரண்டு பல்ஸையும் ஒரு சாடூத்தையும் சேர்த்தது. மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்துச் செய்த பாட்டு, மாற்றம் செய்யப்படாத என்இஎஸ்ஸில் பாதி ஊமையாகிவிடும். கார்ட்ரிட்ஜின் ஒலியைக் கலக்கும் வழி ஃபாமிகாமில் மட்டும்தான் இருந்தது.

பழைய கேம் இசையைப் பிரித்துப் பார்த்துக் கற்க முடியுமா? அதையே என் பாட்டில் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வருமா?

கற்க இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. என்எஸ்எஃப் கோப்பில் என்இஎஸ் இசையின் நிரலே இருக்கும், விஜிஎம் கோப்பில் சிப்புக்குப் போன கட்டளைகளின் பதிவு இருக்கும். சேனல்களைத் தனித்தனியாக அணைக்கும் வசதியுள்ள பிளேயரில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஃபாமிஸ்டுடியோவில் என்எஸ்எஃப் கோப்பையே திறந்து வால்யூம் படிகளைக் கண்ணால் பார்க்கலாம்.

பல்ஸ் அலைக்கோ, 0, 4, 7 ஆர்பெஜியோவுக்கோ யாரும் உரிமை கோர முடியாது. மெட்டு வேறு, அது இயற்றியவருக்கோ நிறுவனத்துக்கோ சொந்தம். பழைய கேமிலிருந்து உருவிய சாம்பிள்களும் அப்படியே, அவை ஒருவர் பதிவு செய்தவை. வெளியிடப்போகும் பாட்டில் அவற்றைத் தவிர்த்து, மேலே சொன்ன முறையில் உங்கள் சாம்பிள்களை நீங்களே சுருக்குங்கள்.

டிபிசிஎம் டிரம் அடிக்கும்போது டிரையாங்கிள் பாஸ் அமுங்குகிறது. நான் எந்த செட்டிங்கையும் தொடவில்லையே?

கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். என்இஎஸ் சேனல்களை நேராகக் கூட்டுவதில்லை. இரண்டு பல்ஸும் ஒரு வழியாக, டிரையாங்கிள், நாய்ஸ், டிபிசிஎம் மூன்றும் இன்னொரு வழியாகக் கலக்கின்றன, அந்தக் கலவை நேர்விகிதத்தில் இல்லை. டிபிசிஎம்மின் நிலை உயரே போய் நின்றால் அதனோடு பாதையைப் பகிரும் டிரையாங்கிளும் நாய்ஸும் தணியும். சாம்பிள் முடிந்த பிறகும் அந்த நிலை அங்கேயே தங்கிவிடலாம், அப்போது அமுக்கமும் தங்கும்.

சரிசெய்ய, சாம்பிள் தாழ்ந்த நிலையில் முடியும்படி வெட்டுங்கள், அல்லது டிராக்கரில் டிபிசிஎம் நிலையைக் கட்டளையால் கீழே இறக்குங்கள். தலைகீழாகவும் யோசிக்கலாம்: டிரையாங்கிளுக்கு வால்யூம் கட்டுப்பாடு இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இருக்கும் ஒரே பின்வாசல் இதுதான், வேண்டுமென்றே நிலையை ஏற்றி பாஸைத் தணிக்கிறவர்கள் உண்டு. சாதாரண மென்பொருளில் இதே உணர்வு வேண்டுமானால், டிரம் சாம்பிளைத் தூண்டுகோலாக வைத்து டிரையாங்கிளுக்கும் நாய்ஸுக்கும் மட்டும் சைட்செயின் கம்ப்ரஷன் (ஓர் ஒலி வரும்போது மற்றொன்றை அமுக்குவது) கொடுங்கள். பல்ஸ் இரண்டையும் அதில் சேர்க்க வேண்டாம்.